இரண்டு பெட்டி ரூபிப் பழம்

வெஸ்லாகோ, டெக்சாஸ்
ஆகஸ்ட் 20, 2006

டெல்மர்,

ஐந்து தடவை போன் செய்தேன். ஐந்து தடவையும் உன் மனைவிதான் எடுத்தாள். "அவர் கொட்டகையில இருக்காரு அண்ணி" என்கிறாள். உங்கள் வீட்டில் கொட்டகையே கிடையாது. பொய் சொல்லத் தெரியாத ஒரு பெண்ணைப் பொய் சொல்ல வைக்கிறாயே, நோரீன் பாவம் இல்லையா?

அதனால்தான் எழுதுகிறேன். போனை வைக்கிற மாதிரி கடிதத்தை வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை பிக்னிக்கில் உன் தட்டிலிருந்த சாசேஜைப் பிடுங்கி நாய்க்குப் போட்டது தப்பு. அதுவும் நம் சொந்தக்காரர்கள் அறுபது பேர் பார்க்க. அது உன் மூன்றாவது சாசேஜ் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். "அப்பா போன மாதிரியே நீயும் போகப் போற, நான் வந்து அழ மாட்டேன்" என்று சொன்னதும் தப்பு. வந்து அழுவேன். அது உனக்கும் தெரியும்.

மன்னிப்பு இவ்வளவுதான். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கொழுப்பு 312. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா எப்படிப் போனார்?" என்று கேட்டாள். சீஸ் தொழிற்சாலையில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஐம்பத்து நாலு வயசு என்றேன். "இது நீங்க சாப்பிட்டு மட்டும் வந்தது இல்ல. பொறக்கும்போதே ரத்தத்துல வந்தது. கூடப் பொறந்தவங்க இருந்தா உடனே பாக்கச் சொல்லுங்க. ரெண்டுல ஒருத்தருக்கு இருக்கும்" என்றாள்.

நாம் இருப்பதே இரண்டு பேர், எனக்கு வந்துவிட்டது, அப்படியானால் நீ தப்பித்தாய் என்று கணக்குப் போடாதே. நானும் அப்படிப் போட்டுக் கேட்டேன். அது அப்படிக் கிடையாதாம்.

எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்டுக்கொள்கிறேன், நடக்கிறேன். வருகிற மார்ச்சில் உனக்கும் ஐம்பத்து நாலு ஆகிறது. போய் ஒரு ஊசி குத்திக்கொள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆர்லீஸ்


மன்ரோ, விஸ்கான்சின்
செப்டம்பர் 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

டஃபிக்கு அந்த சாசேஜ் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் வண்டியின் பின் சீட் முழுக்க வாந்தி. கழுவியது நான்.

நான் முப்பத்து நாலு வருஷமாகச் சீஸ் செய்கிறவன். தினமும் காலையில் தொட்டியிலிருந்து புதுச் சீஸ் ஒரு கை அள்ளி வாயில் போட்டு, பதம் வந்ததற்கு அடையாளமாகப் பல்லில் கீச்சென்று சத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். அதைத்தான் நிறுத்தச் சொல்வார். அதை நிறுத்திவிட்டு நான் யார்?

தவிர, அறுபது பேர் முன்னால் ஒரு மனுஷன் கையில் வெறும் ரொட்டியோடு நின்றிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஊரே கூடும் மீன் வறுவலுக்குப் போனால் இன்னும், "என்ன டெல்மர், அக்கா வந்திருக்காங்களா, தட்டப் பாத்துக்கோ" என்கிறார்கள்.

இந்த வருஷம் டிசம்பரில் பெட்டி அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

டெல்மர்


வெஸ்லாகோ
செப்டம்பர் 30

டெல்மர்,

பெட்டி வேண்டாம் என்று எழுத உனக்குக் கை வந்தது பார்.

அப்பா இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டெக்சாஸிலிருந்து அந்தப் பழப் பெட்டியை வரவழைப்பாரே, நினைவிருக்கிறதா? கடையில் அதற்கு கிரேப்ஃப்ரூட் என்று பெயர். நம் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெட்டி மேல் போட்டிருந்த 'ரூபி'தான் நமக்குப் பெயர். வெளியே மேடு மேடாகப் பனி, உள்ளே அந்தச் சிவப்பு. பாதியாக வெட்டி, சர்க்கரை தூவி, பல் வைத்த ஸ்பூனால் தோண்டித் தின்றோம். கல்யாணமான பிறகு ஜீனும் நானும் இந்த ஊரில் வந்து குடியேறியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டிதான். ஜீன் போன பிறகும் ஒரு வருஷம்கூட நான் உனக்கு அனுப்பாமல் இருந்ததில்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம். கொல்லையில் நிற்கும் ரூபி மரம் என்னவோ இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு மில்ட்ரெட்டுக்குக் கொடுத்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு டப்பா வைத்திருக்கிறேன். மாத்திரை போட்டு வைப்பது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. காலியாகத்தான் அனுப்புகிறேன். விருப்பம் இல்லாவிட்டால் திருகாணி போட்டு வைத்துக்கொள்.

ஆர்லீஸ்


மன்ரோ
அக்டோபர் 28

அக்கா,

திருகாணிதான் போட்டு வைத்தேன். நோரீன் தினமும் அதை எடுத்து என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள். நான் திரும்பக் கொண்டுபோய் இழுப்பறையில் போடுவேன். பத்து நாள் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு நாள் தொட்டியைக் கழுவிக்கொண்டே கணக்குப் போட்டேன். அப்பா வாழ்ந்தது ஐம்பத்து நாலு வருஷமும் பத்தொன்பது நாளும். எனக்கு அந்த நாள் ஏப்ரல் இரண்டாம் தேதி வருகிறது. உன் டப்பாவை இருபத்து நாலு தடவை நிரப்பினால் அது வந்துவிடும். அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா கிழவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனேன். 338.

ஆகவே நான் ஜெயித்துவிட்டேன். உன்னைவிட இருபத்தாறு அதிகம். சின்ன வயதில் எதிலாவது உன்னை முந்தியிருக்கிறேனா?

பெவ் என்ற நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். புகை உண்டா, பீர் எத்தனை, வெண்ணெய் எவ்வளவு. எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன், அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், "கிரேப்ஃப்ரூட் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உடம்புக்கு நல்லதாக ஒரு பழமாவது தின்கிறானா என்று பார்க்கிறாள் போல. "எங்க அக்கா முன்னாடி அனுப்புவா. இப்ப இல்ல" என்றேன். இல்லை என்று குறித்துக்கொண்டாள்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஒன்று. குப்பியிலிருந்து எல்லாவற்றையும் உன் டப்பாவில் கொட்டிவிட்டேன். திருகாணி வேறு இடத்துக்குப் போய்விட்டது.

டெல்மர்


வெஸ்லாகோ
நவம்பர் 25

என் தங்கமே,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மில்ட்ரெட் பயந்துபோய் ஓடி வந்து, "யாரு போயிட்டா?" என்றாள். "யாரும் போகல மில்ட்ரெட், என் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

'இப்ப இல்ல' என்றா அந்த நர்ஸிடம் சொன்னாய்? ஊரில் நாலு பேர் கேட்டால் அக்கா கைவிட்டுவிட்டாள் என்றல்லவா நினைப்பார்கள். மில்ட்ரெட்டுக்குக் கொடுத்ததை நிறுத்திவிட்டேன். இன்று காலை இரண்டு பெட்டி அனுப்பியாகிவிட்டது. ஒன்று இல்லை, இரண்டு. அடுத்த தடவை அவள் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமா, எங்க அக்கா அனுப்புறா" என்று சொல்.

காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் வேண்டாம். ஓட்ஸ் கஞ்சி, அதோடு ஒரு ரூபி. சர்க்கரை போடாதே. நானும் தினமும் என் மாத்திரையும் மரத்திலிருந்து ஒரு பழமுமாகத்தான் இருக்கிறேன். 312 இப்போது 228 ஆகியிருக்கிறது. மில்ட்ரெட்டோடு காலனியை நாலு சுற்றுச் சுற்றுகிறேன். அவள் நடக்கும் வேகத்துக்கு அதை நடை என்று சொல்ல முடியாது, ஆனால் வாய் நன்றாக வேலை செய்கிறது.

நீயும் நட. டஃபியையும் கூட்டிக்கொண்டு போ. அதனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மன்ரோ
ஜனவரி 6, 2007

அக்கா,

பெட்டி இரண்டும் பத்திரமாக வந்தன. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க அந்த வாசனை. நோரீன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்ததும் ஒன்று. அழுகிப் போவதற்குள் தீர்க்க வேண்டுமே என்று நோரீன் ஜாடி ஜாடியாகப் பிழிந்தும் வைக்கிறாள். சாயங்காலம் மாத்திரையை அந்தச் சாற்றோடுதான் விழுங்குகிறேன். அக்கா சொன்ன இரண்டு காரியமும் ஒரே மடக்கில் முடிந்துவிடுகிறது.

உனக்குச் செய்தி: 338 இருந்த இடத்தில் இப்போது 204. பெவ் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட என் மார்க்கை யாரும் இரண்டு தடவை பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மீனை வறுக்காமல் சுட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர், "உடம்பு சரியில்லையா?" என்றார். பக்கத்து மேசையிலிருந்து ஒருவன், "அவனுக்கு மீன் சுடணும், கூட ஒரு தலையணையும் கொடுங்க" என்றான். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டியில் ருசி பார்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் மென்று துப்பிவிடுகிறேன். கீச்சென்று சத்தம் வருகிறதா என்று தெரிந்தால் போதும், விழுங்க வேண்டியதில்லை. முப்பத்து நாலு வருஷம் இது எனக்குத் தோன்றவில்லை பார்.

டஃபியும் நானும் குளத்தைச் சுற்றிப் பனியில் நடக்கிறோம். தொடை கொஞ்சம் வலிக்கிறது. புதுப் பழக்கம், அப்படித்தான் இருக்கும்.

டெல்மர்


வெஸ்லாகோ
ஜனவரி 16

204 என்று எழுதி ஃபிரிஜ் மேல் ஒட்டிவிட்டேன். மூன்றாவது பெட்டி கிளம்பிவிட்டது. தொடை வலியாம், கிழவனாரே. இன்னும் ஒரு சுற்று கூட நட, சரியாகிவிடும்.

அக்கா


மன்ரோ
பிப்ரவரி 10

அக்கா,

திட்டாமல் படி.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஐந்து நாளாகிறது.

தொடை வலி என்று எழுதினேனே, அது நடையால் வந்தது இல்லை. போன மாதக் கடைசியில் வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்து, இரண்டு காலையும் ஒவ்வொரு படியிலும் சேர்த்து வைத்து, குழந்தை மாதிரி ஏறினேன். தொழிற்சாலையில் சீஸ் அச்சைத் தூக்கும்போது கை நழுவிவிட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

முடிவெட்டும் கடையில் ஒருவர் சொன்னார், இந்த மாத்திரை சதையைத் தின்றுவிடுமாம். அவருடைய மாமனார் அதைப் போட்டுச் சக்கர நாற்காலியோடு முடங்கிவிட்டாராம். அன்றைக்கே நிறுத்தினேன். இப்போது கொஞ்சம் தேவலை. ஆகவே மாத்திரைதான் காரணம் என்பது நிச்சயம்.

பெவ்விடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஏதாவது கொடுப்பார்கள். அப்பா தன் காலில் நின்றபடி போனார். நாற்காலியில் உட்கார்ந்து எண்பது வரை இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

பழம் மட்டும் விடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது.

டெல்மர்


வெஸ்லாகோ
பிப்ரவரி 15

டெல்மர்,

திட்டவில்லை. உட்கார்ந்து மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு, நாலாவதாக இதை எழுதுகிறேன்.

முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜீனிடம்கூடச் சொன்னதில்லை. அப்பா போன அன்று நான் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கியிருந்தேன். அம்மாவுக்கு ஜலதோஷம், படுத்திருந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அப்பாவுக்குக் காலைச் சாப்பாடு செய்தது நான். பன்றி இறைச்சியைப் பொரித்து, அந்தக் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கையும் பொரித்து, அதிலேயே நாலு முட்டை. அப்பா தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு போடும்மா" என்றார். போட்டேன். தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அந்தத் தட்டு இன்னும் கழுவாமல் சமையலறைத் தொட்டியில் கிடந்தது.

ஜூலையில் நீ மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டினாய். எனக்கு நீ தெரியவில்லை. அந்தத் தட்டுதான் தெரிந்தது. அதனால்தான் பிடுங்கினேன்.

இனி உன்னிடமிருந்து எதையும் பிடுங்க மாட்டேன். மாத்திரையைப் போடு என்றுகூடச் சொல்லவில்லை. கால் வலித்ததை அந்தப் பெவ்விடம் போய்ச் சொல். அவ்வளவுதான். முடிவெட்டுகிற கடையில் கேட்டதை அவளிடமும் ஒரு தடவை கேள். அதற்குப் பிறகு நீ என்ன செய்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருவன்தான்டா.

அக்கா


மன்ரோ
பிப்ரவரி 24

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. மில்ட்ரெட் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

போனேன். நீ எழுதியதைப் படித்த மறுநாளே போனேன். பெவ் பழைய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாத்ரூம் போகும்போது நிறம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நடு ஜனவரியிலிருந்து கறுப்புக் காபி மாதிரி இருந்தது என்றேன். உனக்கு நான் அதை எழுதவில்லை. அவள் பேனாவின் வேகம் குறைந்தது. புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா, வேறு மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "கிரேப்ஃப்ரூட், இல்லைன்னு போட்டிருக்கு" என்றாள்.

நீ சொன்ன மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அது அப்ப. இப்ப எங்க அக்கா மூணு பெட்டி அனுப்பிட்டா. ஒரு நாளைக்கு ரெண்டு சாப்பிடறேன். மாத்திரையே அந்தச் சாறுலதான் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அக்கா.

பெவ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இந்த மாத்திரையை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே அனுப்ப வேண்டும். அந்தப் பழத்தில் இருக்கும் ஏதோ ஒன்று கரைக்கிற ஆளைத் தூங்க வைத்துவிடுகிறதாம். அதனால் நேற்றைய மாத்திரை போகாமல் இருக்கும்போதே இன்றையது வந்து சேர்ந்துகொள்கிறது. ஒன்று போட்டால் பல போட்ட மாதிரி. 204 அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். சதை கரைந்து ரத்தத்தில் கலந்திருந்தது. "நீங்களா நிறுத்தினீங்களே, அதுல கிட்னி தப்பிச்சுது. ஆனா நிறுத்தின அன்னைக்கே இங்க வந்திருக்கணும்" என்றாள். இரண்டு நாள் படுக்க வைத்து ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். கிட்னி நன்றாக இருக்கிறது. இதை இரண்டு தடவை படி.

அவள் அன்றைக்குக் கேட்டது நான் பழம் தின்கிற நல்ல பிள்ளையா என்று பார்க்க இல்லை. தின்னக் கூடாது என்பதற்காகக் கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொன்னதும் தொல்லை விட்டது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். குப்பி மேல் மஞ்சள் சீட்டு ஒட்டி அதிலும் எழுதியிருந்ததாம். குப்பியை நான் அன்றைக்கே குப்பையில் போட்டாகிவிட்டது.

உனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றும் கேட்டேன். உன் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அது வேறு ஜாதி மாத்திரை, அதற்கும் பழத்துக்கும் சண்டை கிடையாதாம்.

இது உன் தப்பு இல்லை. நான் கோபத்தில் ஒரு பதில் சொன்னேன். பிறகு கோபம் போய்விட்டது, பதிலை மாற்ற மறந்துவிட்டேன்.

டெல்மர்


வெஸ்லாகோ
மார்ச் 3

டெல்மர்,

இரண்டு தடவை படித்தேன். கிட்னி நன்றாக இருக்கிறது என்ற வரியை இருபது தடவை படித்தேன்.

அப்பாவுக்கும் நான்தான் போட்டேன். உனக்கும் நான்தான். அவர் தட்டை நீட்டியாவது கேட்டார். நீ வேண்டாம் என்று எழுதிய பிறகும் கேட்காமல் மூன்று பெட்டி அனுப்பியிருக்கிறேன். கால் வலிக்கிறது என்று எழுதினாய், கிழவனாரே என்று கேலி செய்தேன், இன்னும் நட என்றேன்.

நேற்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். மில்ட்ரெட் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மரம் என்னடி பண்ணிச்சு?" என்றாள். மரம் ஒன்றும் பண்ணவில்லை. அதனால்தான் ரம்பத்தைக் கீழே வைத்தேன். பழத்தை எல்லாம் பறித்து ஊரில் கொடுத்துவிட்டேன், கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இனி உனக்குச் சாப்பிட எதையும் அனுப்ப மாட்டேன். என் கை ராசி அப்படி.

பிறந்த நாளுக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். அதைத் தின்றுவிடாதே.

அக்கா


மன்ரோ
ஏப்ரல் 3

அக்கா,

காலுறை அளவு சரியாக இருக்கிறது. பதில் எழுத ஒரு மாதம் ஆக்கியதற்குக் காரணம் உண்டு. நேற்று முடியட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்று ஏப்ரல் இரண்டு. நோரீன் வேலைக்கு விடவே மாட்டேன் என்றாள். போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் பயம். ஒன்பது மணிக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா விழுந்த இடத்தில் போய் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கை அள்ளி வாயில் போட்டேன், கீச்சென்றது. நேற்று மட்டும் துப்பவில்லை, விழுங்கிவிட்டேன். இன்று காலை எழுந்தபோது நான் அப்பாவைவிட ஒரு நாள் மூத்தவன். அந்த நினைப்பு சந்தோஷமாக இல்லை. அவர் எவ்வளவு சின்ன வயசில் போயிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெவ்விடம் கேட்டேன். யார் என்று சொல்லாமல், ஒரு காலைச் சாப்பாடு ஒரு ஆளைக் கொன்றுவிடுமா என்று கேட்டேன். "உங்க அப்பாவா?" என்றாள். கெட்டிக்காரி. "பொறந்த நாள்லேருந்து அம்பத்து நாலு வருஷம் சேர்ந்தது அது. ஆறு முட்டை என்ன பண்ணும்? அன்னைக்கு அவர் வெறும் தண்ணி குடிச்சிட்டுப் போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்" என்றாள்.

இரண்டாவது, அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன், உனக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். உனக்குத் தெரியாதது, அப்பா அன்று காலை உள்ளே நுழைந்ததும் என்ன செய்தார் என்பது. வயிற்றைத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் போய், "இன்னைக்கு என் பொண்ணு கையால சாப்பிட்டேன். ரெண்டு முட்டை கூடக் கேட்டேன், மூஞ்சி சுளிக்காமப் போட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் சொன்னார், நான் வீட்டுப் பிள்ளை என்பதையே மறந்துவிட்டு. அந்த நாலு மணி நேரமும் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். இத்தனை வருஷமாக இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டேன்.

உன் கை ராசி அப்படி. மறக்காதே.

மாத்திரையை மாற்றிவிட்டார்கள். உன் ஜாதி மாத்திரைதான். மூன்று வாரமாகப் போடுகிறேன், கால் வலிக்கவில்லை, மாடிப்படியை ஒரு மூச்சில் ஏறுகிறேன். இந்தத் தடவை குப்பியைத் தூக்கிப் போடவில்லை, நோரீன் அதில் ஒட்டியிருப்பதை எல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினாள். வெள்ளிக்கிழமை மீனை இப்போது நாலு பேர் சுட்டுத் தரச் சொல்கிறார்கள்.

பெவ் புதுப் படிவம் கொண்டு வந்தாள். கேள்வி எல்லாம் பழசுதான். கிரேப்ஃப்ரூட் சாப்பிடுவீர்களா என்பதற்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "முதல்ல இந்த மாத்திரைக்கு அது ஆகுமா, அதச் சொல்லுங்க" என்றேன். "ஆகும். ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்" என்றாள். "அப்ப எழுதிக்கோங்க. ஆமா, டிசம்பர் மாசம். எங்க அக்கா அனுப்புவா" என்றேன். அவள் எழுதும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்துக்குத் தண்ணீர் விடு. ஒரு பெட்டி போதும். டிசம்பரில் நான் இருப்பேன்.

தம்பி